ஜிம்மி கார்ட்டர்: பதவியில் செய்ததும் பதவிக்குப் பின் சொன்னதும்

அமெரிக்காவின் 39ஆவது அதிபர் ஜிம்மி கார்ட்டர், 2024 டிசம்பர் 29 அன்று தமது 100ஆவது வயதில் காலமானார். அவர் அதிபராக இருந்தது 1977 முதல் 1981 வரை நான்கே ஆண்டுகள். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் நாட்டைப் பற்றியும் உலகைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வந்தார்.

ஃபலஸ்தீன் குறித்துப் பேச்சு எழும்போது நம்மவர்களிடையே அவர் பெயர் இரண்டு விதமாக அடிபடும். "இஸ்ரேலின் அநியாயத்தைத் தட்டிக்கேட்ட அமெரிக்க அதிபர்" என்பார் ஒருவர். "எகிப்தை அரபுலகிலிருந்து பிரித்தவர், ஈரான் ஷாவைத் தாங்கிப் பிடித்தவர்" என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. எந்த அளவுக்கு என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

வேர்க்கடலை விவசாயி

ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் 1924 அக்டோபர் 1 அன்று பிறந்தவர் கார்ட்டர். கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் பிரிவில் பணியாற்றினார். தந்தை இறந்தபின் ஊர் திரும்பி வேர்க்கடலை விவசாயத்தையும் வணிகத்தையும் கவனித்தார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கூடாது என்பதற்காகவே வெள்ளையர்கள் அங்கே ஒரு சங்கம் நடத்தினார்கள். அதில் சேர மறுத்ததால் அவருடைய கடையைப் புறக்கணித்தார்கள்.

1971இல் ஜார்ஜியாவின் ஆளுநராகப் பதவியேற்ற உரையில், இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். தென் மாநிலத்தில் ஓர் ஆளுநர் அப்படிச் சொன்னது அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆயினும் அதே ஆளுநர்தாம் 1973இல் புதிய மரண தண்டனைச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். பிற்காலத்தில் அதற்காக வருந்தி, மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். சொல்லும் செயலும் முரண்பட்டதும், பிறகு அவரே மனம் மாறியதும் அவர் வாழ்வில் பலமுறை நிகழ்ந்தன.

உள்நாட்டு அரசியல் குறித்து

பதவியேற்ற மறுநாளே, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து ராணுவ அழைப்பைத் தட்டிக்கழித்தவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். எண்ணெய் நெருக்கடி முற்றிய 1979இல் வெள்ளை மாளிகைக் கூரையில் சூரிய வெப்பத் தகடுகளை அமைத்தார். அளவுக்கு மீறிய நுகர்வு மனிதனுக்கு நிறைவைத் தராது என்று தொலைக்காட்சியில் மக்களிடமே சொன்னார். ஓட்டுக் கேட்க வேண்டிய ஒருவர் அப்படிப் பேசியதை எதிரணியினர் பலவீனமாகக் காட்டினார்கள். அவருக்குப் பின் வந்த ரீகன் ஆட்சியில் அந்தத் தகடுகள் கழற்றப்பட்டன.

தேர்தலில் பணத்தின் ஆதிக்கம் குறித்துக் கடைசிவரை கவலைப்பட்டார். தேர்தல் பிரச்சாரத்தில் பெருநிறுவனங்கள் வரம்பின்றிச் செலவிட வழிவிட்ட 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கடுமையாகச் சாடினார். அமெரிக்கா இப்போது ஜனநாயக நாடாக இல்லை, சில பணக்காரர்களின் ஆட்சியாக மாறிவிட்டது என்று 2015இல் கூறினார்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய சட்டங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. விசாரணையின்றிக் காலவரையறை இல்லாமல் சிறைவைப்பது, குவாண்டனாமோ சிறை, ஆளில்லா விமானத் தாக்குதல்களில் அப்பாவிகள் கொல்லப்படுவது ஆகியவற்றைக் கண்டித்து 2012இல் எழுதினார். அப்போது ஆட்சியில் இருந்தது அவரது சொந்தக் கட்சி என்பது கவனிக்கத்தக்கது.

கேம்ப் டேவிட்: கிடைத்ததும் கைவிட்டதும்

ஃபலஸ்தீனர்களுக்குத் தாயகம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய முதல் அமெரிக்க அதிபர் கார்ட்டரே. பதவியேற்று இரண்டு மாதங்கள்கூட ஆகாத 1977 மார்ச்சில் அதைச் சொன்னார்.

1978 செப்டம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் மெனாஹெம் பெகினையும் கேம்ப் டேவிட்டுக்கு அழைத்து, 13 நாட்கள் பேச்சுவார்த்தை நடத்தினார். இரண்டு உடன்பாடுகள் கையெழுத்தாயின. எகிப்து-இஸ்ரேல் தொடர்பான உடன்பாடு 1979 மார்ச் 26இல் ஒப்பந்தமாகி, 1982இல் சினாய் பகுதி எகிப்திடம் திரும்பியது. மேற்குக் கரைக்கும் காஸாவுக்கும் தன்னாட்சி தருவதாகச் சொன்ன மற்றொன்று ஏட்டோடு நின்றது. அந்த மேசையில் ஃபலஸ்தீனர்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

யூதக் குடியேற்றங்களைப் பேச்சுவார்த்தை முடியும்வரை நிறுத்திவைக்கப் பெகின் வாக்களித்தார் என்பது கார்ட்டரின் கூற்று. மூன்று மாதங்களுக்கு மட்டுமே ஒப்புக்கொண்டதாகப் பெகின் சொன்னார். எப்படியிருந்தாலும் குடியேற்றங்கள் பெருகின. எகிப்து அரபு லீகிலிருந்து விலக்கிவைக்கப்பட்டது. வலிமையான அண்டை நாடான எகிப்து ஒதுங்கியதும், இஸ்ரேலைக் கட்டுப்படுத்தும் நெருக்கடியும் குறைந்தது. கேம்ப் டேவிட் மீது நம் தரப்பில் வைக்கப்படும் குற்றச்சாட்டின் சாரம் இதுதான். அதை மறுப்பது எளிதல்ல.

ஈரான், ஆஃப்கானிஸ்தான்

மனித உரிமையே தம் வெளியுறவுக் கொள்கையின் அடிப்படை என்றவர், 1977 ஆண்டின் கடைசி இரவில் தெஹ்ரான் விருந்தில் ஷாவின் ஈரானை நிலையான நாடு என்று புகழ்ந்தார். ஷாவின் ரகசியப் போலீஸ் செய்த சித்திரவதைகள் உலகறிந்தவை. ஓராண்டு சற்றுக் கடந்ததும் ஷா நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1979 நவம்பரில் தெஹ்ரானில் உள்ள அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். மீட்பு முயற்சி தோற்று எட்டு வீரர்கள் இறந்தார்கள். 1980 தேர்தலில் அவர் தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோவியத் படை ஆஃப்கானிஸ்தானில் நுழைவதற்கு ஐந்து மாதங்கள் முன்பே, அங்குள்ள அரசை எதிர்த்தவர்களுக்கு ரகசிய உதவி அளிக்க அவர் ஒப்புதல் தந்தார். பாரசீக வளைகுடாவைக் காக்க ராணுவ பலத்தையும் பயன்படுத்துவோம் என்று 1980 ஜனவரியில் அறிவித்தவரும் அவரே. வளைகுடாவில் அமெரிக்கப் படைகள் பின்னாளில் வேரூன்ற அந்த அறிவிப்பு வழி திறந்தது.

பதவிக்குப் பின்

1982இல் தொடங்கிய கார்ட்டர் மையத்தின் வழியாகத் தேர்தல் கண்காணிப்பிலும் நோய் ஒழிப்பிலும் ஈடுபட்டார். நம்மூர்களில் நரம்புச் சிலந்தி என்று சொல்லப்பட்ட நோய், 1986இல் 21 நாடுகளில் ஏறத்தாழ 35 லட்சம் பேரைத் தாக்கியது. 2023இல் உலகம் முழுவதும் 14 பேருக்கு மட்டுமே அது இருந்தது. இந்த வேலைக்காக 1995இல் சூடான் உள்நாட்டுப் போரையே சில மாதங்கள் நிறுத்தவைத்தார். 2002இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

இராக் மீது படையெடுப்பதற்குச் சில நாட்களுக்கு முன், 2003 மார்ச்சில், அந்தப் போர் நியாயமற்றது என்று எழுதினார். மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பின்பே போர் வர வேண்டும். பொதுமக்களைப் பிரித்தறிந்து காக்க வேண்டும். போருக்குப் பின் வரும் நிலை முன்பிருந்ததைவிட மேலாக இருக்க வேண்டும். இந்த அளவுகோல்களில் எதிலும் அது தேறவில்லை என்பது அவர் வாதம்.

2006 ஜனவரியில் ஃபலஸ்தீனத் தேர்தலை நேரில் கண்காணித்தார். 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் வென்றது. தேர்தல் நேர்மையாக நடந்தது என்று சாட்சி சொன்ன அவர், முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மக்களைத் தண்டிக்கக் கூடாது என்றார். 2008இல் டமாஸ்கஸ் சென்று ஹமாஸ் தலைவர் காலித் மிஷ்அலைச் சந்தித்தார். அதற்கு அமெரிக்க அரசும் இஸ்ரேலும் எதிர்ப்புத் தெரிவித்தன.

அதே 2006இன் இறுதியில் வெளியான அவருடைய நூலின் தலைப்பிலேயே, தென்னாப்பிரிக்க இன ஒதுக்கலைக் குறிக்கும் 'அபார்தைட்' என்ற சொல் இருந்தது. கார்ட்டர் மையத்தின் ஆலோசகர்கள் 14 பேர் ராஜினாமா செய்தார்கள். அவரை யூத வெறுப்பாளர் என்றும் தூற்றினார்கள். தாம் குறிப்பிட்டது இஸ்ரேல் நாட்டுக்குள் உள்ள நிலையை அல்ல, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் ஒரே மண்ணில் இரு மக்களுக்கு இருவேறு சட்டம் நடப்பதையே என்று அவர் விளக்கினார். அதன் நோக்கம் நிலத்தை அபகரிப்பது என்றும் சொன்னார். சொல்லைத் திரும்பப் பெறவில்லை. 2016 நவம்பரில், பதவி விலகுமுன் ஃபலஸ்தீன் அரசை அங்கீகரிக்குமாறு ஒபாமாவுக்குப் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். அது நிறைவேறவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

எதிர்த் தரப்பினராயினும் நீதி தவறாமல் பேச வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அந்த நீதிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. பிற்கால உரைகளைக் காட்டி ஷாவுடனான உறவையும், ஃபலஸ்தீனர் இல்லாமல் நடந்த பேச்சுவார்த்தையையும் மறைக்க முடியாது. அந்தப் பிழைகளைக் காட்டி, எண்பதை நெருங்கிய வயதில் இராக் போரை எதிர்த்ததையும், அதன்பின் வசவுகளுக்கு நடுவே ஃபலஸ்தீனர்களுக்காக வாதாடியதையும் இல்லையென்று ஆக்கவும் முடியாது.

கசப்பான உண்மை ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. குடியேற்றங்களைத் தடுக்கும் பலம் அவரிடம் இருந்தபோது அந்த நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. துணிந்து பேசியபோது அந்தப் பலம் கையில் இல்லை. ஆகவே ஓய்வுபெற்ற தலைவர்களின் நல்ல சொற்களைப் பாராட்டும் நாம், இன்று பதவியில் இருப்பவர்களிடமும் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடமும் அதே கேள்விகளை இப்போதே கேட்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளோடு அரசியல் பேசும்போதும், ஒரு தலைவர் என்ன சொன்னார் என்பதோடு அதை எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குவோம்.