ரோஜர்ஸ்: பதுளையில் நிலைத்த ஒரு தகப்பன் பெயர்

பதுளையில் உள்ள புனித மாற்கு தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த அவர், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று எமர்சன் டெனன்ட் தமது இலங்கை வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். யானைகளின் பழிதான் இடியாக இறங்கியது, நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று மலையகத்தில் சொல்வார்கள். அந்தக் கதை பலருக்கும் தெரியும். அவருடைய குடும்பப் பெயரின் கதை அதைவிடப் பழையது.

ரோஜர் என்பது ஜெர்மானியப் பெயர். அதன் முதற்பாதி புகழையும் பிற்பாதி ஈட்டியையும் குறிக்கும். வேலால் புகழ் கொண்டவன் என்று கொள்ளலாம். கதிர்காமம் இருக்கும் ஊவாவில், பிள்ளைகளுக்கு வெற்றிவேல், கதிர்வேல் என்று பெயர் வைப்பவர்களுக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை. பேவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் டென்மார்க் அரசன் ஹ்ரோத்கார் இதே பெயருடையவன்தான். ஆனால் இங்கிலாந்தில் வேரூன்றியது 1066இல் படையெடுத்து வந்த நோர்மானியர் கொண்டுவந்த வடிவம். 1130இல் சிசிலியில் முடிசூடிய நோர்மானிய அரசனும் ஒரு ரோஜரே. பெயர் அவ்வளவு பரவியதால் குடியானவர்கள் அதை ஹொட்ஜ் என்று செல்லமாக மாற்றினார்கள். ஹொட்ஜ்சன், ஹொட்ஜ்கின்ஸ் குடும்பங்கள் அதிலிருந்து கிளைத்தவை. வேல்ஸ் நாட்டு ப்ரொஸர் என்ற குடும்பப் பெயரும் ரோஜரிலிருந்து வந்ததே.

ரோஜர்ஸ் என்பதன் கடைசி ஒலிக்கு ரோஜருடைய மகன் என்று பொருள். தொடக்கத்தில் அது மகனோடு முடிந்துவிடும் அடையாளம். ரோஜரின் மகன் வில்லியம் ரோஜர்ஸ் என்றால், வில்லியத்தின் மகன் ஜோன் வில்லியம்ஸ். நம்முடைய முன்னெழுத்து முறையும் இதுதான்: மாரிமுத்துவின் மகன் மா. ராமசாமி, அவர் மகன் ரா. பழனியாண்டி. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் வரிப் பதிவும் நிலவுரிமையும் நீதிமன்றப் பதிவும் பெருகியபோது இங்கிலாந்தில் பெயர் ஒரு தலைமுறையில் நின்றுவிட்டது. அதன்பின் தகப்பன் யாராயினும் பிள்ளை ரோஜர்ஸ்தான். பேரன் அனுபவிக்கச் சொத்து இருந்த வீடுகளுக்கே நிலைத்த பெயர் முதலில் தேவைப்பட்டது என்பது என் எண்ணம்.

ஊவாத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களான நம்மவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. அவர்கள் பேர் பதிந்தது செக்ரோலில். அது நாள் சம்பளத்துக்கான கணக்கு, வம்சாவளியைச் சொல்லும் ஏடு அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ வம்சாவளியைத்தான் கேட்டது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறும் குடும்பத்தில், பிறப்புப் பதிவும் கையில் இல்லாதபோது, ஆறுமுகத்தின் பாட்டன் இன்னார் என்று எந்தத் தாளைக் காட்டி நிறுவுவது? ரோஜர்ஸ் என்ற ஒருவருக்கு அந்தக் கேள்விக்கான பாதி விடை பெயரிலேயே இருந்திருக்கும். நம் மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை என்று 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் சொன்னது.