காதர்பேட்டை: கப்பல் ஏறாத சட்டைகளின் கதை

வெளிநாட்டுப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு நாலு பழைய துணிக்கடை இருக்கும். யாரோ போட்டுக் கழித்த கோட்டை இன்னொருவர் சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்டு போவார். கொங்கு நாட்டில் அப்படிப்பட்ட கடைகள் பெரிதாக வேர் பிடிக்கவில்லை. அடுத்தவர் உடுத்தியதைக் காசு கொடுத்து வாங்குவது மானக்கேடு என்ற எண்ணம் இங்கே பலமாக இருந்தது. பழைய வேட்டி சட்டை விற்கப்படாது, "கொடுக்கப்படும்". பண்ணையத்தில் கொடுப்பவர் யார், கை நீட்டி வாங்குபவர் யார் என்பதில் சாதியும் சேர்ந்தே இருந்தது. மிச்சம் மீதி தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போகும். நாலு பழைய பேண்ட் போட்டால் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதற்கும் அரைமணி நேரம் பேரம்!

ஆனால் நல்ல துணியை மலிவாகத் தேடிப் பிடிக்கும் ஆசை எல்லா ஊருக்கும் பொது. கோவைப் பையன்களுக்கு அந்த ஆசை தீர்ந்த இடம் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, திருப்பூர் காதர்பேட்டை. ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். அங்கே தொங்குவது யாரும் போட்டுக் கழித்தது இல்லை. வெளிநாட்டுக்காரனுக்காகத் தைத்து, அவனிடம் போய்ச் சேராமல் நின்றுவிட்டது. மானமும் போகாது, பணமும் போகாது.

இந்த சந்தை எப்படி வந்தது? திருப்பூரில் பனியன் தொழில் 1920, 30களில் சின்னச் சின்ன பட்டறைகளாகத் தொடங்கியது. பல காலம் வெள்ளை உள்பனியன்தான், உள்நாட்டு வியாபாரம்தான். 1978ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்ததை ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். 1981ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ வந்தது. 1985ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25ல் ஏறக்குறைய 40,000 கோடி.

ஏற்றுமதி பெருகியபோது மிச்சமும் பெருகியது. பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் எந்தக் கம்பெனியும் சரியாகப் பத்தாயிரம் வெட்டாது. செக்கிங்கில் கழிவது போக எண்ணிக்கை குறையக்கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள். கழிவு குறைந்தால் நல்ல பீஸே மிஞ்சும். அது சர்ப்ளஸ். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, சாயம் ஒரு பிடி மாறியது, அளவு அரை இஞ்ச் தப்பியது எல்லாம் செகண்ட்ஸ். கப்பல் தேதி தவறி ஆர்டரே ரத்தானால் மொத்த லாட்டும் அடிமாட்டு விலைக்குப் போகும். இதை வாங்கிப் பிரித்து விற்கத்தான் காதர்பேட்டை. கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் மட்டுமல்ல, நைஜீரியாவிலிருந்து கூட ஆட்கள் வந்து தங்கி மூட்டை மூட்டையாக வாங்கினார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. 1920களில் காதிக்குப் பெயர் போன ஊர் இது. கொடியோடு அடிபட்ட குமரன் 1932 ஜனவரியில் உயிர்விட்ட ஊர். அதே ஊரில் ஐம்பது அறுபது வருடம் கழித்து, உள்ளூர் தையல்காரர் தைத்த சட்டைக்கு "ஃபாரின்" லேபிள் இருந்தால்தான் மதிப்பு!

அந்த லேபிளை வைத்துத்தான் ஏமாற்றும் நடக்கிறது. தங்கள் பெயரில் மிச்சம் சந்தைக்குப் போவதைப் பெரிய பிராண்டுகள் விரும்புவதில்லை. அதனால் உண்மையான சர்ப்ளஸில் பல நேரம் லேபிள் வெட்டப்பட்டிருக்கும், அல்லது மேலே கோடு கிழித்திருக்கும். பளபளவென்று லேபிளோடு ஒரே டிசைனில் எல்லா சைஸும் வரிசையாகக் கிடைத்தால் சந்தேகப்படலாம். உள்நாட்டுக்கே தைத்து "எக்ஸ்போர்ட்" என்று தள்ளும் சரக்கு ஏராளம்.

தேர்ந்தவர்கள் லேபிளைப் பார்ப்பதே இல்லை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி ஓட்டை தெரிந்துவிடும். காலர் ரிப்பை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் கோணும். தோளுக்கு உள்ளே டேப் வைத்துத் தைத்திருந்தால் தொங்காது. அமெரிக்க மீடியம் நம்மூர் லார்ஜ் மாதிரி இருக்கும், எண்ணை நம்பாமல் உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சந்தையில் சரக்கு குவிகிறது என்றால் எங்கோ யாருக்கோ அடி விழுந்திருக்கிறது. 2020ல் கொரோனாவால் ஆர்டர்கள் ரத்தாயின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது மறுபடி ஆர்டர்கள் நின்றன. வாங்குபவருக்கு ஐநூறு ரூபாய் சட்டை நூறுக்குக் கிடைப்பது கொண்டாட்டம். அதே சட்டை தைத்தவருக்கு அடுத்த வாரம் வேலை உண்டா இல்லையா என்ற கேள்வி, ஏனென்றால் பீஸ் ரேட்டில் பீஸ் இல்லையென்றால் கூலியும் இல்லை.

2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் ஓர் இரவு தீப்பிடித்து ஐம்பது கடைகள் அளவுக்கு எரிந்து போயின. தகர ஷெட்டுகள், உள்ளே முழுக்கத் துணி. கப்பலேறாமல் தப்பி வந்த சரக்கு, நெருப்பில் தப்பவில்லை.