பள்ளி திறக்கும் நாளும் நம் குடும்பங்களும்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று நம் தெருக்களில் ஒரு தனிக் களை தோன்றுவதை அனைவரும் கண்டிருப்பர். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாய்மாரும் தந்தையரும் பள்ளிக்குச் செல்கின்றனர். தாழ்வாரத்தில் நின்று தலைமையாசிரியரிடம் இரண்டு சொல் பேசித் திரும்புகின்றனர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே இன்றைய இளைஞர்கள் எண்ணுவர். ஆனால் அத்தாழ்வாரத்தில் ஒரு தந்தை தம் பெயரையும் தாம் வாழும் தெருவையும் மறைக்காமல் சொல்லி நிற்பதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் இருக்கிறது. கல்வி வரலாறு எழுதுவோர் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்று கணக்கிடுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வர். அப்பிள்ளைகளின் குடும்பத்தைப் பள்ளி எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அவர்கள் அதிகம் கேட்பதில்லை. நம்மவர் வரலாற்றில் அதுவே முதற் கேள்வியாகும்.

இரட்டைமலை சீனிவாசனார் 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் தம் மாணவப் பருவத்தைக் குறித்துச் சில வரிகளே எழுதியுள்ளார். கோயம்புத்தூரில் அவர் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர் அனைவரும் பிராமணர். யாரோடேனும் நட்புக் கொண்டால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும், பின்பு இழிவாக நடத்துவர் என்று அஞ்சி, பள்ளி தொடங்கும் மணி அடிக்கும் வரையில் அவர் வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். மாலையில் பள்ளி விட்டதும் பிறர் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். பிற்காலத்தில் 'பறையன்' என்ற பெயரிலேயே 1893-இல் இதழ் தொடங்கியவரும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவருமான அப்பெருமகனார், பிள்ளைப் பருவத்தில் தம் குடும்பத்தை ஒளித்து வைத்தே கல்வி பெற வேண்டியிருந்தது. விளையாட்டில்லை, தோழரில்லை. பள்ளி அவருக்கு எழுத்தைக் கொடுத்தது. அவர் தாய் தந்தையரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அவர் அந்த அளவேனும் உள்ளே சென்றார். நாட்டுப்புறத்தில் நிலைமை வேறு. ஊருக்குள் இருந்த திண்ணைப் பள்ளிகளில் விஜயதசமியன்று பிள்ளைகளைச் சேர்ப்பது வழக்கம். அந்நாள் சேரிக்குரியதாக இருந்ததில்லை. ஏனெனில் அத்திண்ணைகள் நாம் நடக்கக்கூடாத தெருக்களில் இருந்தன. பின்னர் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் பள்ளிகள் ஏற்பட்டபோதும் அவற்றுட் பல அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடைபெற்றன. பள்ளி பொதுப் பணத்தில் நடந்தது. அதற்குச் செல்லும் வழி பொதுவழியாக இருக்கவில்லை.

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்பார் நம்மவர் நிலை பற்றி எழுதிய அறிக்கை 1892-இல் சென்னை அரசாங்கத்தால் ஆராயப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசும் நிலங்களின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. கல்வியைப் பொறுத்தவரை அவ்வறிக்கை காட்டும் ஓர் உண்மையை இளைஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். சேரியின் குடியிருப்பு மனைகளே பல இடங்களில் மிராசுதாரரின் பிடியில் இருந்தன. ஆண்டை முகம் சுளித்தால் வேலை மட்டுமன்று, வீடும் போகும். மாடு மேய்க்க வேண்டிய பையனைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தை எதைப் பணயம் வைத்தார் என்பது இதனால் விளங்கும். நம்மவருக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று பழித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பகுதியில் வில்லியம் கௌடி போன்ற கிறித்தவப் பாதிரிமார் சேரிக்குள்ளேயே பள்ளி அமைக்க முற்பட்டதற்கும் இதுவே காரணம். பிள்ளை பள்ளியை நோக்கி நடக்க வழியில்லாத இடத்தில் பள்ளியே பிள்ளையை நோக்கி நடந்தது.

1893 பிப்ரவரி முதல் நாளன்று பிறந்த 68-ஆம் எண் கல்வி ஆணை, பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று பிற்காலத்தார் போற்றுவது. தனிப் பள்ளிகளுக்கு ஊக்கமும், ஆசிரியர் பயிற்சி பெற முன்வரும் நம்மவருக்கு உதவித்தொகையும் அதனால் கிடைத்தன. இவ்விரண்டில் பின்னதையே நான் பெரிதாக மதிக்கிறேன். நம் தெருவில் பிறந்த ஒருவர் உபாத்தியாயராக வந்து நின்றபோதுதான், பள்ளி திறக்கும் நாளில் வீடு வீடாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து, அக்காள், அண்ணன் என்று முறை சொல்லிப் பிள்ளையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தார்.

அடுத்த ஆண்டு, 1894-இல், பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவியதும் பலர் அறிந்தவை. வள்ளுவர் பெயரைத் தாங்கிய பள்ளி என்பது பண்டிதரும் அவர் தோழர்களும் கொண்டிருந்த கருத்துக்கு இசைந்தது. பிறர் இரங்கித் தரும் கல்வியாக அவர்கள் அதை நினைக்கவில்லை. தமக்கு உரியதாயிருந்து பறிபோனதை மீட்பதாகவே கருதினர். ஆல்காட்டின் நோக்கம் இவ்வளவு விரிந்ததன்று. எழுத்து, கணக்கு, சிறிது ஆங்கிலம், வீட்டுப் பணிகளில் பயிற்சி ஆகியவற்றோடு அவர் நிறைவடைந்தார். அக்குறையைச் சொல்லாமல் விடலாகாது. எனினும், 1899-க்குப் பின் அப்பள்ளிகளை மேற்பார்த்த அமெரிக்க அம்மையார் சாரா பால்மர் சிறு பிள்ளைகளுக்கு ஆடல் பாடலோடு கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையைச் சேரிப் பள்ளிக்குக் கொணர்ந்தார். ஏழைப் பிள்ளைக்குப் பிரம்படியே போதும் என்று எண்ணப்பட்ட காலம் அது.

பகலெல்லாம் உழைத்த பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் தோன்றின. அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சென்னையில் அத்தகைய பள்ளிகளை நடத்தினார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நந்தன் நுழைய முடியாமல் நின்ற ஊரிலேயே அப்பெயரைத் தாங்கிய பள்ளியின் வாயில் திறந்தது.

அரசாங்கப் பள்ளிகளின் கதையோ மெல்ல நகர்ந்தது. 1919 மார்ச்சில் வெளியான 329-ஆம் எண் ஆணையை ஒட்டி எடுத்த கணக்கின்படி, மாகாணத்தில் பொது நிருவாகத்திலிருந்த 8,157 பள்ளிகளில் 609 மட்டுமே பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்தன. நம் பிள்ளைகள் வர இயலாத இடங்களிலுள்ள பள்ளிகளை மாற்றி அமைக்க வேண்டும் என்று அரசு அப்போது பணித்தது. எழுதிய ஆணை ஊர்த் தெருவைக் கடப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் போராடி, பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொது இடங்களிலும் அனைவருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது 1924-இல்தான். தெருவில் நடக்கும் உரிமையின்றிப் பள்ளியில் சேரும் உரிமையால் என்ன பயன்? ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய எம்.சி. ராஜா போன்றோரின் குரல் மன்றத்தில் ஒலித்ததும் இக்காலத்திலேயே. 1920 முதல் தொழிலாளர் ஆணையரின் துறை நம்மவருக்கெனத் தனிப் பள்ளிகளை நடத்திற்று. நம் பெரியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்று சொன்னவை அவையே. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடிகள். தனிப் பள்ளி பிரிவினையை நிலைநிறுத்தும் என்ற வாதம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பொதுப் பள்ளி கதவடைத்த ஊரில் பெற்றோர் தலைநிமிர்ந்து உள்ளே வர முடிந்த ஒரே கூரை அதுவாக இருந்தது.

சேர்ந்த பிள்ளை நிலைத்ததா என்பது வேறு கேள்வி. 1929-இல் ஹார்ட்டாக் குழு இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டபோது, 1922-23-இல் முதல் வகுப்பிலிருந்த ஒவ்வொரு நூறு பிள்ளைகளுக்கும் 1925-26-இல் நான்காம் வகுப்பிலிருந்தோர் 18 பேரே என்று கண்டது. எல்லாச் சாதியாரையும் சேர்த்த கணக்கு இது. ஆகவே சேர்த்தல் விழாவைவிட, அடுத்த ஜூனில் அதே பிள்ளை மீண்டும் வந்து அமர்வதே அரிய செயல். காவிரிப் பாசனப் பகுதியில் ஜூன் என்பது குறுவைக்கு நிலத்தைப் பண்படுத்தும் காலமுமாகும். பள்ளி மணியும் பண்ணையின் அழைப்பும் ஒரே வாரத்தில் வந்தால், பண்ணையாள் குடும்பம் எதற்குச் செவிசாய்க்க முடியும்?

பசியே பெரிய தடை என்பதை முதலில் உணர்ந்து செயற்பட்டது சென்னை மாநகராட்சி. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அவ்வைந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று மேலரசு தடுத்தமையால் 1925-இல் திட்டம் நின்றது. பின்னர் மீண்டும் தொடங்கியது. ஓரணாச் சிற்றுண்டி செய்ததை எத்தனையோ அறிவுரைகள் செய்யவில்லை என்பதற்கு இவ்விரு எண்களே சான்று.

விடுதலைக்குப் பிறகும் ஒரு சோதனை வந்தது. 1953 ஜூனில் இராஜாஜி அரசு நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரப் பாடமுறையைப் புகுத்தியது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டுமாம். குடும்பத்துக்கும் பள்ளிக்கும் உறவு ஏற்படுத்துவதாகவே அதற்கு விளக்கம் தந்தனர். ஆனால் எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தொழில்? தோல் பதனிடுவோன் மகன் தோலையும், பறையடிப்போன் மகன் பறையையும், தெருக் கூட்டுவோள் மகள் துடைப்பத்தையும் அரை நாள் பயில வேண்டும் என்பதே அதன் பொருள். சீனிவாசனார் தம் குடும்பத்தைப் பள்ளியில் மறைக்க வேண்டியிருந்தது; இத்திட்டமோ குடும்பத்தைச் சொல்லியே பிள்ளையைப் பாதி நாளில் வெளியே அனுப்பியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. காமராசர் முதலமைச்சரானதும் 1954 மே மாதத்தில் அதைக் கைவிட்டார். அவ்வாண்டுப் பள்ளி திறந்தபோது மீண்டும் முழு நாள் பள்ளியாகவே திறந்தது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் தொடங்கிற்று. எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையிலும், காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரிலும் அதன் வழியில் வந்தவை.

இடையே ஒன்று. நம் பெரியோர் பலருடைய பிறந்த நாள் பள்ளிச் சான்றில் மே, ஜூன் மாதங்களிலேயே இருப்பதை இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. பிறந்த நாளைக் குறித்து வைக்காத வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு, பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிரம்பியதாகக் கொண்டு ஆசிரியர் தாமே ஒரு நாளை எழுதினார். அந்த ஒரு வரிதான் அவர்கள் பெயர் அரசாங்கப் புத்தகத்தில் ஏறிய முதல் வரி. கேலிக்குரியதன்று.

இன்று சட்டம் பெற்றோரை உள்ளே அழைக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் விகிதப்படி இடம். நம் தாய்மார் பலர் கையொப்பமிட்டு வந்துவிடுகின்றனர். செலவுக் கணக்கையும் வளர்ச்சித் திட்டத்தையும் கேட்டுப் பார்க்கும் உரிமை தமக்கு உண்டென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

இன்னும் ஜூனில் திரும்பாத குடும்பங்கள் உள்ளன. வட மாவட்டங்களில் பொங்கலுக்குப் பின் செங்கற்சூளைக்குச் செல்வோர் மழை தொடங்கும் வரையில் அங்கேயே தங்குகின்றனர். அவர்கள் வரும்போது பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். பிள்ளையின் பெயர் நீக்கப்பட்டிருக்கும். காலம் கடந்தது என்று சொல்லிச் சேர்க்க மறுத்தலாகாது. பிறப்புச் சான்று இல்லை என்று மறுத்தலாகாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டியும் மறுத்தலாகாது. மூன்றும் அதே சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. சூளையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு நேற்றிரவு வந்திறங்கிய தாய்க்கு இவை தெரிந்திருக்க வழியில்லை. அவரோடு பள்ளி வரை நடந்து, தாழ்வாரத்தில் உடன் நின்று, இப்பிரிவுகளைப் பணிவாகவும் உறுதியாகவும் எடுத்துரைக்கும் வேலை ஜூலை மாதத்தில் நம் தெருவின் படித்த இளைஞர்களுக்குக் காத்திருக்கிறது.