மூலை விழுந்த நாண்

பாரிசில் நொத்ர்தாம் பேராலயத்தை ஒட்டி 'சென் ஜோன் ல ரோன்' என்றொரு சிறு தேவாலயம் இருந்தது. 1717 நவம்பரில் அதன் படிக்கட்டில் பச்சைக் குழந்தையொன்று விடப்பட்டிருந்தது. தேவாலயத்தின் பெயரையே குழந்தைக்கும் வைத்தார்கள். கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மனைவி எடுத்து வளர்த்தாள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் தாலம்பேர் என்று பெயர் பெற்ற கணித அறிஞர்.

இழுத்துக் கட்டிய நாணின் அதிர்வை 1747இல் அவர் ஒரு சமன்பாடாக எழுதினார். பகுதி வகையீட்டுச் சமன்பாடு என்றதும் மிரள வேண்டியதில்லை. உயர்தரத்தில் தூயகணிதம் படித்தவர்களுக்கு வகையீடு நினைவிருக்கும். நாணின் ஒரு புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறது என்பது இடம், நேரம் இரண்டையும் பொறுத்தது. நேரத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தால் நாணின் வளைவு தெரியும். இடத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தால் அப்புள்ளியின் ஆர்முடுகல் தெரியும். இவை இரண்டும் விகிதசமம் என்பதே அலைச் சமன்பாடு. விடையையும் அவரே கண்டார்: ஒரு வடிவம் வலப்புறமும் இன்னொன்று இடப்புறமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன, இரண்டின் கூட்டுத்தான் நாம் காணும் அதிர்வு.

விரல்தான் வில்லங்கத்தைக் கொண்டுவந்தது. சுண்டி விடும் கணத்தில் நாண் முக்கோணமாக நிற்கிறது. உச்சியில் ஒரு மூலை. அங்கே வளைவை எப்படிக் கணிப்பது? அத்தகைய நாணுக்குச் சமன்பாடு பொருந்தாது என்றார் தாலம்பேர். கையால் கீறிய எந்தக் கோடும் தகும் என்றார் பேர்லினில் இருந்த ஓய்லர். (சுவிஸ், பாசலில் பிறந்த இவர் 1727இல் வேலைக்காக ரஷ்யா போனவர், பிறகு பேர்லின், மறுபடியும் ரஷ்யா. ஊர் திரும்பவேயில்லை.) எல்லா அதிர்வும் சைன் வளைகோடுகளின் கூட்டே, அடிப்படைச் சுரமும் மேற்சுரங்களுமே என்று 1753இல் சொன்னார் டானியல் பேர்னூலி. மற்ற இருவரும் ஏற்கவில்லை. என் பார்வையில், மூவரில் கணித வாதம் நலிந்தது பேர்னூலியுடையது. காது மட்டும் நல்ல காது. 1807இல் வெப்பத்தை ஆராய்ந்த பூரியே அதே கூட்டலைக் கையில் எடுத்தபோதும் முதிய லக்ராஞ்ச் எதிர்த்தார். பூரியேயின் நூல் 1822இல்தான் வெளிவந்தது.

மூலைக்கு முறையான கணித இடம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1930களில் சோவியத் நாட்டில் சோபொலெவ் வழி திறந்தார். 1944இன் இறுதியில் பாரிசில் லோரன் சுவார்ட்ஸ் அதை முழுமையான கொள்கையாக்கத் தொடங்கினார். யூதரான அவர், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பொய்ப்பெயரில் ஒளிந்திருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அவருடைய கொள்கைப்படி, மூலை விழுந்த நாணும் அலைச் சமன்பாட்டின் விடைதான்.