ஒரு வாரப் பத்திரிகையும் நம்மவர் பெயர்ப் பட்டியலும்

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 1965-ல் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் கையில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் வந்து இறங்கியவர். எப்படி மராத்தி இவ்வளவு நன்றாகப் படிக்க வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "மார்மிக் படிக்கத்தான் கத்துண்டேன். நம்மளைப் பத்தி என்ன எழுதறான்னு தெரிய வேண்டாமா?" என்றார். அந்தப் பத்திரிகையின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

கதை ஒரு தமிழரிடமிருந்து ஆரம்பிக்கிறது என்பதுதான் வேடிக்கை. எஸ். சதானந்த் பம்பாயில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். நம் ஊரில் 1934-ல் 'தினமணி'யை ஆரம்பித்தவரும் இவரே. பம்பாய்ப் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டவர்கள் இருவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார்கள். ஒருவர் ஆர்.கே. லக்ஷ்மண். இன்னொருவர் பால் தாக்கரே.

சதானந்த் 1953-ல் காலமானார். சில வருஷங்கள் கழித்து தாக்கரே வேலையை விட்டார். முதலாளிக்குப் பிடித்த கார்ட்டூன் போட்டது போதும், சொந்தமாக ஒரு பத்திரிகை வேண்டும் என்று தம்பி ஸ்ரீகாந்துடன் சேர்ந்து 'மார்மிக்' என்ற கார்ட்டூன் வார இதழைத் தொடங்கினார். பெயர் வைத்தவர் அப்பா பிரபோதன்கார் தாக்கரே. 1960 ஆகஸ்ட் 13 அன்று துவக்கி வைத்தவர் அப்போதைய முதலமைச்சர் யஷ்வந்த்ராவ் சவான். மகாராஷ்டிரா மாநிலம் பிறந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பம்பாயோடு சேர்ந்த மராத்தி மாநிலம் வேண்டும் என்று போராடி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரை விட்டிருந்தார்கள். மாநிலம் கிடைத்தது, ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. ஸ்டெனோ, டைப்பிஸ்ட், கிளார்க் நாற்காலிகளில் நம்மவர்கள் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் கோபம் வெறும் கற்பனை அல்ல.

அந்தக் கோபத்தை மார்மிக் பயன்படுத்திய விதம்தான் பிரச்னை. டெலிபோன் டைரக்டரி, கம்பெனி அதிகாரிகள் பட்டியல் இவற்றிலிருந்து தென்னிந்தியப் பெயர்களைப் பொறுக்கி எடுத்து வரிசையாக அச்சிட்டார்கள். தலைப்பு 'வாசா ஆணி தண்ட பஸா', அதாவது 'படியுங்கள், சும்மா உட்காருங்கள்'. பிறகு அதுவே 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று மாறியது.

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எனக்கு இந்தப் பட்டியல் ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு மாதிரி தெரிகிறது. மொத்தம் எத்தனை வேலை, எத்தனை பேர் மனுப் போட்டார்கள், மற்றவர்கள் எத்தனை பேர் என்று எதுவும் இல்லை. இப்படி ஒரு கணக்கை எந்த ஆடிட்டரிடமும் காட்ட முடியாது. ஆனால் தெருவில் செல்லுபடியாகும்!

செல்லுபடியாகவும் ஆயிற்று. 1966 ஜூன் 19 அன்று சிவசேனா பிறந்தது. அக்டோபரில் சிவாஜி பார்க்கில் முதல் பெரிய கூட்டம். அதற்கப்புறம் உடுப்பி ஹோட்டல்கள் மீது கல், 'லுங்கி ஹட்டாவ்' கோஷம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்த திருநெல்வேலிக்காரருக்கு டெலிபோன் ஏது, அதிகாரி பதவி ஏது? பட்டியலில் அவர் பெயர் வர வழியே இல்லை. பயம் மட்டும் அவருக்கும் சேர்த்தே வந்தது.

பம்பாயில் அப்போது 'பிளிட்ஸ்' என்ற ஆங்கில வார இதழும் இருந்தது. 1941-ல் ஆர்.கே. கரஞ்சியா தொடங்கியது. சர்க்காரையும் பணக்காரர்களையும் நடுங்க வைத்த பத்திரிகை. அதற்கும் ஆசிரியர்தான் எல்லாம். அவர் தளர்ந்ததும் 1990-களில் பத்திரிகையும் நின்றுபோனது. மார்மிக் நிற்கவில்லை. காரணம், அதற்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. 1988-ல் வந்த நாளிதழ் 'சாம்னா'வையும் மார்மிக்கையும் வெளியிடுவது பிரபோதன் பிரகாஷன். 2012-ல் பால் தாக்கரே மறைந்த பிறகும் இரண்டும் குடும்பத்தின் கையிலேயே இருந்தன. 2022-ல் கட்சி பிளந்தது. 2023 பிப்ரவரியில் தேர்தல் கமிஷன் கட்சிப் பெயரையும் வில் அம்பு சின்னத்தையும் ஷிண்டே அணிக்குக் கொடுத்தது. கட்சியைப் பெற்ற பத்திரிகை மட்டும் தாக்கரே வீட்டிலேயே தங்கிவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் எது நிலையான சொத்து என்று இப்போது புரிகிறதா?

காலமும் மாறியிருக்கிறது. சயான் கோலிவாடாவில் 2014 முதல் மூன்று முறை பா.ஜ.க. சார்பில் ஜெயித்த எம்.எல்.ஏ. பெயர் தமிழ்ச்செல்வன். 2019-ல் அவர் நின்ற கூட்டணியில் சிவசேனாவும் இருந்தது.

"இதையெல்லாம் படிச்சப்போ கோபம் வரலையாப்பா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கார்ட்டூன் நன்னா இருக்கும்டா. சிரிச்சுண்டே படிப்பேன். அப்புறம் பட்டியல்ல நம்ம பேர் இருக்கான்னு விரலை வச்சுத் தேடுவேன்" என்றார்.

இன்று நம் குழந்தைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள், மார்க்குக்காக. தாத்தா எதற்காகப் படித்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.