நிலையம் ஈன்ற ஊர்

ஊர் முந்தியதா, இரயில் நிலையம் முந்தியதா என்று கேட்டால், ஊரே முந்தியது என்று நம்மில் எவரும் தயங்காமல் விடை பகர்வோம். ஊர் இருக்கும், அதற்குக் கோயிலும் குளமும் பெயரும் இருக்கும், காலப்போக்கில் அவ்வழியே இருப்புப்பாதை வரும், ஊரின் பெயரை நிலையத்தின் பலகையில் எழுதுவர். இதுவே உலக வழக்கு. ஆனால் ஜெர்மனியின் மேற்கே, ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள ஓபர்ஹவுசனில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. அங்கே 1847-இல் நிலையம் வந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1862-இல் ஊர் வந்தது. 1874-இல் அது நகரமென அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்த மக்கள் எந்த ஊரினர் என்னும் வினாவே நம்மை இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது.

நிலையம் அமைந்த இடத்திற்கு லிப்பர்ஹைடே என்று பெயர். ‘ஹைடே’ என்றால் புதர் மண்டிய பொட்டல் நிலம் என்று பொருள். உழவுக்கு உதவாத மணற்பாங்கான பூமி. கொலோன் நகரையும் மிண்டன் நகரையும் இணைக்க 1843-இல் தோன்றிய இரயில் கம்பெனி, மலைப்பாங்கான தென்வழியின் செலவுக்கு அஞ்சி, எம்ஷர் ஆற்றை அடுத்த சமவெளியைத் தேர்ந்தது. இதனால், பழைய வணிகப் பெருவழியை ஒட்டியிருந்த மியூல்ஹைம், எஸ்ஸன் போன்ற தொன்மையான ஊர்கள் ஒதுக்கிவிடப்பட்டன. ஆளரவமற்ற பொட்டலுக்கு அந்தப் பேறு கிட்டியது. 1847 மே 15 அன்று டூய்ஸ்பர்க்கிலிருந்து ஹம் வரையிலான பகுதி திறக்கப்பட்டபோது, பொட்டலின் நடுவே வண்டி நின்றது.

நிற்கும் இடத்திற்கு ஒரு பெயர் வேண்டுமே! ஊர் இல்லாததால், சற்றுத் தொலைவில் எம்ஷர் ஆற்றோரம் இருந்த ஒரு மாளிகையின் பெயரை இரவல் வாங்கினர். வெஸ்டர்ஹோல்ட் பிரபு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்துக் கட்டிய ஓபர்ஹவுசன் மாளிகையே அது. மாளிகையின் பெயர் நிலையத்திற்கும், நிலையத்தின் பெயர் ஊருக்கும் வந்தன. அந்தப் பிரபு தம் பெயரை நிலைநிறுத்த எவ்வளவு செலவிட்டாரோ அறியோம். பயணச்சீட்டு அச்சிட்டவன் அதைச் செலவின்றிச் செய்து முடித்தான்.

எனினும், இந்நிலையம் ஏன் பொட்டலோடு பொட்டலாக மறைந்துபோகவில்லை என்பதை உணர வேண்டுமாயின், நாம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நிலையத்திற்கு வடக்கே, ஓஸ்டர்ஃபெல்ட் என்னுமிடத்தில் 1758-இல் புனித அந்தோனியார் பெயரால் ஓர் இரும்பு ஆலை தொடங்கியது. ரூர் பகுதியின் தொழில் வளத்திற்கு அதையே தொட்டில் என்பர். அதைத் தொடங்கியவர் வணிகர் அல்லர்; மியூன்ஸ்டர் பேராலயக் கழகத்தின் உறுப்பினராயிருந்த ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் ஃபொன் வெங்கே. அவரை எதிர்த்து நின்றோரும் திருச்சபையினரே: அருகிலிருந்த ஸ்டெர்க்ராடே மடத்து சிஸ்தேர்சியன் துறவியர். ஆலை ஓடைநீரைக் கெடுத்துவிடும். தங்கள் மாவு ஆலையும் மீன்களும் பாழாகும் என்பது அவர்கள் முறையீடு. வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. ஆலை கொலோன் பேராயர்-இளவரசரின் ஆட்சியிலும், மடம் பிரஷ்ய அரசரின் ஆட்சியிலும் இருந்ததால், ஓடை ஒன்றாயினும் நீதிமன்றம் ஒன்றாயில்லை. முடிவில் ஆலை வென்றது.

அதே நூற்றாண்டின் இறுதியில், எஸ்ஸன் மடத்தின் கடைசித் தலைவியும் ஆட்சியாளருமான சாக்சனி இளவரசி மரிய குனிகுண்டே மற்றோர் இரும்பு ஆலையை நிறுவினார். 1808-இல் இவ்வாலைகள் யாவும் யாக்கோபி, ஹானியல், ஹுய்சன் ஆகியோரின் கூட்டு நிறுவனத்தில் இணைந்தன. பேராலயக் கழகத்தாரும் மடத்தலைவியும் ஊதிய உலையின் நெருப்பை இல்லறத்து வணிகர் ஏற்றுக்கொண்டனர். இவர்களின் இரும்பும், புதிய நிலையத்தின் தண்டவாளமும் சந்தித்தபோதுதான் பொட்டலுக்கு விடிவு பிறந்தது.

அடுத்தடுத்துக் கிளைகள் பிரிந்தன. 1848-இல் ரூர்ஓர்ட் துறைமுகத்திற்கும், 1856-இல் எம்மெரிக் வழியாக ஹாலந்துக்கும் பாதைகள் சென்றன. வழிநிலையம் சந்திப்பாயிற்று. கன்கார்டியா நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்டது. 1854-இல் நிலையத்தின் முதுகுப்புறமே ஒரு துத்தநாக ஆலை எழுந்தது. வேலை இருப்பதைக் கேள்வியுற்றுப் பல திசைகளிலிருந்தும் ஆள்கள் வந்தனர். பிற்காலத்தில் பிரஷ்யாவின் கிழக்கு மாநிலங்களிலிருந்து போலந்து மொழி பேசும் கத்தோலிக்கரும் வந்தனர். இறங்கியவர்கள் நிலையத்தைச் சுற்றியே குடியேறினர்.

வண்டி அட்டவணையில் ஓபர்ஹவுசன் இருந்தது. அரசுப் பதிவேட்டில் இல்லை. நிலையத்தைச் சுற்றிய நிலம் ஸ்டைரும், லிப்பர்ன், லீரிக், டியூம்ப்டன் முதலிய பல உழவர் ஊர்களுக்குப் பங்கானது. பிரஷ்யாவில் 1842-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறியோரைப் பேணும் கடமை அவர்கள் குடியிருக்கும் ஊராட்சியைச் சார்ந்தது. தம் வயல்களின் ஓரத்தில், முன்பின் அறியாத கூலியாள்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறுவதைக் கண்ட அவ்வுழவர்களின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். சுரங்கத்தில் கால் முறிந்தவனுக்கும், கணவனை இழந்தவளுக்கும் யார் பொறுப்பு? பள்ளிக்கூடம் யார் கட்டுவது? ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரைச் சுட்டிக்காட்ட இடமிருந்தது. உழவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் இரயிலை அழைக்கவில்லை. ஆனால் ‘நீ எங்களவன்’ என்று சொல்ல எவருமில்லாத மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கிருந்தனர் என்பதையும் மறத்தற்கில்லை.

1862-இல் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. சுற்றியிருந்த ஊர்களிலிருந்து துண்டு துண்டாக நிலத்தை வெட்டியெடுத்து, ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட புதிய ஊராட்சியை உண்டாக்கினர். துணி வெட்டித் தைப்பதைப் போலவே வேலை நடந்தது. பழைய கோயிலோ கோட்டையோ வளைந்த தெருக்களோ இல்லாததால், அளவுகோல் வைத்து நேர்கோட்டுத் தெருக்களை வரைந்தனர். சந்தைக்கென ஒரு சதுக்கம் விட்டனர். ஆனால் ஆலைகளும் சுரங்கங்களும் தண்டவாளங்களும் தமக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய இடத்திலேதான் ஊர் அமைந்தது. மனிதர் வாழும் இடத்தைத் தொழில் மிச்சம் வைத்த இடமாகக் கருதியதே இவ்வூரின் பிறவிக் குறை என்பது நம் கருத்து.

இதற்கு விலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலையம் திறப்பதற்கு ஓராண்டு முன்னரே, 1846-இல், அதே இரும்பு நிறுவனம் ஓஸ்டர்ஃபெல்ட் எல்லைக்குள் தன் தொழிலாளருக்காக அய்சன்ஹைம் என்னும் குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. ரூர் பகுதியின் மிகப் பழைய தொழிலாளர் குடியிருப்பு அதுவே. திறமைமிக்க தொழிலாளர் வேறிடம் போய்விடாதபடி கட்டிப்போடும் கயிறாகவே வீடு தரப்பட்டது. அறச்செயல் என்று அதை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. ஆயினும் வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் இருந்தது. திண்ணைப் பேச்சுக்கு இடமிருந்தது. ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்து அதை இடித்துவிட முயன்றபோது, குடியிருந்தோரே கூடி எதிர்த்தனர். கலை வரலாற்றாசிரியர் ரோலண்ட் குந்தர் அவர்களுக்குத் துணைநின்றார். 1970-களில் நடந்த அப்போராட்டத்தால் அய்சன்ஹைம் காக்கப்பட்டது. பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ‘இது எங்கள் ஊர்’ என்று முதன்முறை உரக்கச் சொன்னது அப்போதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பழைய எல்லைகள் எளிதில் அழியவில்லை. 1929-இல் ஸ்டெர்க்ராடேயும் ஓஸ்டர்ஃபெல்டும் ஓபர்ஹவுசனோடு இணைக்கப்பட்டன. நகராட்சி ஒன்றாயிற்று, மறைமாவட்டம் ஒன்றாகவில்லை. நிலையத்தைச் சுற்றியிருந்த பழைய பகுதி கொலோன் உயர்மறைமாவட்டத்திலும், வடக்குப் பகுதிகள் மியூன்ஸ்டர் மறைமாவட்டத்திலும் இருந்தன. ஒரே நகரத்துக் கத்தோலிக்கர் இரு ஆயர்களின் மந்தையாயிருந்தனர். 1958-இல் எஸ்ஸன் மறைமாவட்டம் உருவானபோதே அப்பிரிவு நீங்கியது. அம்மறைமாவட்டமும் பின்னர் ஆள் குறைந்து, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தன் 259 பங்குகளை 43 ஆகச் சுருக்க நேர்ந்தது.

ஸ்டெர்க்ராடே துறவியரின் முறையீடு என்னவாயிற்று? மடம் நெப்போலியன் காலத்தில் கலைக்கப்பட்டது. அங்குள்ள புனித கிளமெந்து ஆலயத்தில் நல்லாலோசனை மாதாவின் படத்தைத் தரிசிக்க இன்றும் திருப்பயணிகள் வருகின்றனர். நீரைப் பற்றி அத்துறவியர் கொண்ட அச்சமோ அவர்கள் நினைத்ததினும் பன்மடங்காகப் பலித்தது. சுரங்கங்களால் நிலம் உள்வாங்கியதால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய்களைப் பதிக்க முடியவில்லை. எம்ஷர் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கினர். நூறாண்டுக்கு மேலாக அந்நிலை நீடித்தது. பல ஆண்டுப் பெரும்பணிக்குப் பின், 2021-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஆற்றில் கழிவுநீர் கலப்பது நின்றது. ஓர் ஓடைக்காக வழக்காடிய மடத்துப் பெண்களை அக்காலத்தார் முன்னேற்றத்தின் பகைவர் எனக் கருதியிருக்கலாம். இன்று அவ்வாறு சொல்லத் துணிவோர் இரார்.

ஊரை உண்டாக்கிய தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றன. கன்கார்டியா சுரங்கம் 1968-இல் மூடப்பட்டது. அந்நிலத்தில் ஒரு கடைவளாகம் எழுந்தது. இரும்பு ஆலையின் பரந்த நிலத்திலும் 1996-இல் மற்றொரு பெரும் கடைவளாகம் திறக்கப்பட்டு, நிலையத்திலிருந்து எட்டும் பழைய கடைவீதியின் கூட்டத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 1960-களில் 2,60,000 அளவில் இருந்த மக்கள்தொகை இன்று 2,10,000 அளவில் நிற்கிறது. நிலையத்தை நம்பி வந்த துத்தநாக ஆலை 1981-இல் அணைந்தது. 1934-இல் கட்டிமுடிக்கப்பட்ட புதிய நிலையத்தின் பின்வாசல் வழியே வெளியேறுவோர், சில அடிகளிலேயே அவ்வாலையின் செங்கற்கட்டடங்களை அடைவர். அவை இப்போது தொழில் வரலாற்று அருங்காட்சியகமாக உள்ளன.