வள்ளி திருமணம்: மேடையிலிருந்து படச்சுருளுக்கு

தினைப்புனம் காக்கும் குறமகள், அவளை அடைய வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வரும் கடவுள், நடுவே கலகம் மூட்டும் நாரதர். இந்தக் கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டாலும் தர்க்கத்தாலும் நகரும் இசை நாடகமாக அமைத்தார். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் இது படமானபோது எதைக் கொண்டுபோனது, எதை மேடையிலேயே விட்டுப்போனது என்று அறிய, சிவகாசியில் 1886-இல் பிறந்த ஒரு நடிகரிடமிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ், முருகன் வேடத்தில் பேர்பெற்ற ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர். அவர் நடித்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றிரவு கூடி, ஆர்மோனியக்காரரின் சுருதியில் சேர்ந்துகொள்வார்கள். அந்த நெகிழ்ச்சியில்தான் அரசியல் நுழைந்தது. வள்ளி பறவை ஓட்டும் காட்சியில், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டை தாஸ் பாடுவார். கொக்கு வெள்ளைக்காரர்தான் என்று கூட்டத்துக்குத் தெரியும், காவலுக்கு நிற்கும் போலீஸுக்கும் தெரியும். இதற்காக அவர் பலமுறை சிறை சென்றார். முடிதிருத்துவோர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர மறுத்த ஸ்திரீபார்ட் (கதாநாயகி) நடிகைகளும் உண்டு. அந்த அவமதிப்பையும் சுமந்துகொண்டுதான் அவர் மயிலேறினார்.

நாடகத்தை அடக்க 1876-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் எழுத்துப்படியில் இல்லாத பாட்டை, அது பாடப்படும்வரை எந்த அதிகாரியும் தடுக்க முடியாது. படத்தின் நிலை வேறு. 1918-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, திரையிடும் முன்பே தணிக்கைச் சான்று வேண்டும். இந்த வேறுபாட்டை நம் திரை வரலாறுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். தணிக்கையையும் மீறிச் சில குரல்கள் நழுவி வந்தன: 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' படத்திலேயே, கதைக்குத் தொடர்பில்லாமல், பாஸ்கரதாஸின் இராட்டைப் பாட்டை டி.பி. ராஜலட்சுமி பாடினார்.

1933-இல் சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா பயோனியர் நிறுவனத்துடன் சேர்ந்து 'வள்ளி திருமண'த்தைப் படமாக்கினார். வள்ளி, ராஜலட்சுமிதான். அடுத்த ஆண்டு, எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த 'பவளக்கொடி'யைக் கே. சுப்பிரமணியம் படமாக்கினார். மேடைப் பாட்டுகள் திரையில் குவிந்தன. விடியவிடிய நீளும் தர்க்கத்துக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஊரைப் பார்த்துச் சொல்லும் கேலிக்கும் படச்சுருளில் இடமில்லை.

மேடையின் திரைச்சீலையோ வேறு வழியில் சிவகாசிக்கே வந்தது. நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைந்த சி. கொண்டையராஜு பின்னர் கோவில்பட்டியில் தங்கி ஓவியம் வரைந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த கடவுளர் படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாயின. மலையும் அருவியும் பின்னணியாக முருகன் நிற்கும் அந்தப் படங்களில் நாடகப் படுதாவின் சாயலை நான் பார்க்கிறேன்.

விசுவநாததாஸ் சென்னையில் 1940 டிசம்பர் 31 இரவு, வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடியபடியே உயிர் துறந்தார்.